தினமும் ஓட்டும் காரை டைம் டிரையலில் இறக்க எதை மாற்றுவது, எதை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் காரையே அமெச்சூர் டைம் டிரையலில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டைம் டிரையல் என்று இங்கே சொல்வது இதைத்தான்: டிராக்கில் பல கார்கள் ஒரே நேரத்தில் இருக்கும், ஆனால் இடைவெளி விட்டு ஓடும், முட்டி மோதி முந்தும் வேலை கிடையாது, அன்றைக்கு நீங்கள் போட்டதிலேயே வேகமான லேப் எதுவோ அதுதான் உங்கள் கணக்கு. அந்தக் கடைசி விஷயத்தை மறக்காதீர்கள், எந்தப் பார்ட் வேண்டும் எது வேண்டாம் என்பதில் பாதி அதை வைத்தே முடிவாகிவிடும்.

முதலில் எந்தப் பார்ட்டை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். ஓடப்போகும் போட்டியின் விதிப்புத்தகத்தை எடுத்து, உங்கள் கார் இன்றைக்கு இருக்கும் நிலையில் எந்த வகுப்பில் வருகிறது என்று பாருங்கள். வகுப்பு பிரிக்கப் பெரும்பாலும் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புள்ளி போடுவார்கள், புள்ளி ஓர் எல்லையைத் தாண்டினால் மேல் வகுப்பு. இன்னொன்றில் ஓட்டுநரையும் சேர்த்துக் காரின் எடையை எஞ்சினின் குதிரைத்திறனால் வகுத்து, வரும் எண்ணை வைத்துப் பிரிப்பார்கள். புள்ளி முறையில், சத்தம் நன்றாக இருக்கிறதே என்று மாட்டிய எக்ஸாஸ்ட்டும் ஏர் இன்டேக்கும் சேர்ந்து உங்களை ஒரு வகுப்பு மேலே தூக்கிவிடலாம். அங்கே மற்றவர்கள் ரேஸ் டயரும் விங்குமாக ஓடிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் நல்ல சத்தத்தோடு கடைசியாக வருவீர்கள். எடைக்கணக்கு முறையில் பவரைக் கூட்டினால் அந்த அளவுக்கு எடையும் கூட்டியாக வேண்டும் அல்லது வகுப்பு மாற வேண்டும், அதே சமயம் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) வீல் அலைன்மென்ட்டும் கணக்கிலேயே வராமல் போகலாம். ஆக எங்கே காசு போட்டால் பலன் என்பதைச் சொல்ல வேண்டியது விதிப்புத்தகம், கடைக்காரர் இல்லை.

ஒன்றும் மாற்றாமல் அப்படியே முதல் போட்டிக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பிரேக் விஷயம் ஒன்றைத் தவிர, அதற்கு அடுத்து வருகிறேன். மாற்றாவிட்டாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்: ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, பால் ஜாயிண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா, எங்காவது ஆயில் கசிகிறதா, பேட்டரி இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா. காருக்குள் கிடக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சீட்டுக்கு அடியில் மறந்துபோன ஒரு தண்ணீர் பாட்டில் முதல் கடுமையான பிரேக்கில் உருண்டு முன்னால் வந்து பெடலுக்கு அடியில் நிற்கும். ஃப்ளோர் மேட்டையும் எடுத்துவிடுங்கள். வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால், காரின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்கி, ஒவ்வொரு செஷனுக்கும் முன்னால் மறுபடி சரிபாருங்கள்.

பிரேக்கில் என்ன கட்டாயம்?

பிரேக் ஆயிலும் பேடும். இந்த இரண்டுக்கும் விலக்கு இல்லை. சாலையில் 80 கிமீ வேகத்தில் இருந்து காரை முழுதாக நிறுத்தும்போது பிரேக்கில் எவ்வளவு சூடு இறங்குமோ, டிராக்கில் 160-ல் இருந்து 60-க்குக் குறைக்கும்போது அதைப்போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு இறங்குகிறது, ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதையே ஒரு லேப்பில் பல இடத்தில், ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல், லேப்புக்கு லேப் செய்கிறீர்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஆனால் அது காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரம் சேர்ந்த நிலைக்கான அளவு வெறும் 155 டிகிரிதான். இரண்டு மூன்று வருடமாக மாற்றாத ஆயிலோடு டிராக்குக்குப் போவது எவ்வளவு மோசமான யோசனை என்பது இதிலேயே தெரியும். டாட் 5.1-க்குப் புதிதில் 260, ஈரம் சேர்ந்தால் 180. டிராக்குக்கென்று வரும் ஆயில்கள் புதிதில் 300-க்கு மேல் தாங்கும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிகான் வகை, பேர் ஒத்திருக்கிறதே என்று மற்றவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

பேடில், சாதாரணப் பேட் குளிரிலேயே நன்றாகப் பிடிக்கும், சூட்டில் கைவிடும். கடுமையான ரேஸ் பேட் நேரெதிர், சூடானால்தான் பிடிக்கும், சாலையில் கிறீச்சிட்டு டிஸ்க்கைத் தின்னும். இடைநிலைப் பேடை முன்னால் போட்டுத் தொடங்குவது பெரும்பாலான கார்களுக்குப் போதும். ஒரு எச்சரிக்கை: சாலை டயரோடு மிகக் கடித்துப் பிடிக்கும் பேடைச் சேர்த்தால் சில கார்களின் ஏபிஎஸ் குழம்பிவிடும். மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்ததும் சக்கரம் சட்டென்று நிற்க, ஏபிஎஸ் கார் பனிக்கட்டி மேல் போகிறது என்று எண்ணி அழுத்தத்தைக் குறைத்துவிடும், பெடல் கல் மாதிரி இறுகி நிற்கும், கார் போய்க்கொண்டே இருக்கும். டயரின் பிடிக்கு ஏற்ற பேடைத்தான் போட வேண்டும்.

பிரேக் போய்விட்டது, ஆயிலா பேடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கால் சொல்லிவிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொடப் போனால் ஆயில் கொதித்திருக்கிறது, உள்ளே ஆவிக் குமிழி. அந்த நேரத்தில் பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் கொஞ்சம் திரும்பி வரும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேகத்தைக் குறைத்து, ஒரு முழு லேப் பிரேக்கை அதிகம் தொடாமல் ஆறவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், பிரேக் பெடலிலும் காலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். தகிக்கும் டிஸ்க்கில் பேடை ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் அதன் பொருள் அங்கே ஒட்டிப் படிந்து, அப்புறம் ஒவ்வொரு பிரேக்கிலும் ஸ்டீயரிங் நடுங்கும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பெரிய பிரேக் கிட், ஓட்டை போட்ட டிஸ்க்?

இப்போதைக்கு வேண்டாம். கார் எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பதற்கு எல்லை போடுவது டயர்தான். ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு இப்போதுள்ள பிரேக்கே அழுத்துகிறது என்றால், பெரிய பிரேக் தருவது சூடு தாங்கும் திறன் மட்டுமே. அதையே முதலில் மலிவாகச் செய்ய வழி இருக்கிறது, முன்பம்பரில் இருந்து குழாய் இழுத்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று அனுப்பலாம். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, டிராக் சூட்டில் ஓட்டையின் ஓரத்தில் இருந்துதான் விரிசல் தொடங்கும். ஓட்டையில்லாத, நடுவே காற்று ஓடும் சாதாரண டிஸ்க்கே போதும்.

டயருக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருவது?

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். வேகமெடுப்பது, திரும்புவது, நிற்பது மூன்றும் அந்த நான்கு உள்ளங்கை அகல ரப்பரில்தான் நடக்கின்றன. ஒரு பார்ட்டுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால் அது டயர்.

ஆனால் எந்த டயர் என்பதில்தான் குழப்பம். பல போட்டிகளில் சாலை டயர் வகுப்புக்கு டிரெட்வேர் எண் (ரப்பர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் குறிப்பது) 200 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று விதி. அதனால் கம்பெனிகள் அந்த எண்ணைச் சரியாகத் தொட்டுக்கொண்டு, ரேஸ் டயருக்குப் பக்கத்தில் வரும் பிடியோடு டயர் செய்கின்றன. அந்த எண்ணைக் கம்பெனியே சோதித்துக் கம்பெனியே போட்டுக்கொள்கிறது, ஆக ஒரே 200 போட்ட இரண்டு டயர்களுக்கு இடையே லேப்பில் நல்ல வித்தியாசம் வரும். அதற்குள்ளேயும் இரண்டு குணம் உண்டு. சில டயர்கள் முதல் வேக லேப்பிலேயே உச்சப் பிடியைக் கொடுத்துவிட்டு, மூன்று நான்கு லேப்பில் சூடேறித் தளர்ந்துவிடும். சில மெதுவாகச் சூடாகி இருபது நிமிடமும் ஒரே மாதிரி நிற்கும். நீண்ட ரேஸ் ஓடுபவருக்கு இரண்டாவது வகை. ஒரே ஒரு நல்ல லேப் போதும் என்கிற டைம் டிரையலுக்கு முதல் வகை. அதே டயர் பழகப்போகும் ஆளுக்குத் தொல்லை, ஏனென்றால் ஐந்தாவது லேப்பில் பிடி குறைந்தது டயராலா தன்னாலா என்று அவருக்குத் தெரியாது. ஆகவே முதல் சில போட்டிகள் இப்போது மாட்டியிருக்கும் நல்ல சாலை டயரிலேயே ஓடுங்கள். அது எல்லையை நெருங்கும்போது கீச்சென்று சத்தம் போட்டுச் சொல்லும், மெல்லத்தான் வழுக்கும். ஒட்டும் டயர் சொல்லாமல் கொள்ளாமல் விடும், அதுவும் அதிக வேகத்தில்.

காற்று எவ்வளவு வைப்பது?

சூடான பிறகு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. டயருக்குள் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ ஏறும், கடுமையாக ஓட்டினால் மொத்தத்தில் 6, 8 என்று ஏறுவது சாதாரணம். டயர் கம்பெனி சொல்லும் சூட்டு அழுத்தத்தை இலக்காக வைத்து, செஷன் முடிந்து உள்ளே வந்த உடனே, வேறு எதையும் செய்வதற்கு முன்னால் அளந்து, கூடுதலாக இருப்பதை இறக்குங்கள். நான்கு சக்கரமும் ஒரே அளவு ஏறாது, வலப்பக்க வளைவு அதிகமுள்ள டிராக்கில் இடப்பக்க டயர்கள்தான் அதிகம் சுடும். குறித்து வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மறக்காமல் காற்றடிக்கவும்.

அலைன்மென்ட் மட்டும் மாற்றினால் பலன் இருக்குமா?

இருக்கும், கொடுக்கும் காசுக்கு இவ்வளவு பலன் வேறு எதிலும் இல்லை. கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்க முன்சக்கரமும் சேர்ந்து வெளியே சாய்கிறது, முன்னால் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தைப் பிடிக்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு) உள்ள கார்களில் இது ரொம்பவே அதிகம். டயரின் வெளி ஓரம் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். முதல் டிராக் நாள் முடிந்ததும் முன் டயரைத் தடவிப் பாருங்கள், வெளித் தோள் உருண்டு, ரப்பர் துருவல் துருவலாகச் சுருண்டிருக்கும், உள் ஓரம் கடையில் வாங்கியபடி இருக்கும். அதற்குத்தான் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலையை உள்பக்கம் சாய்த்து வைப்பது. கம்பெனியில் இருந்து வரும்போது இது ஒரு டிகிரிக்குள்தான் இருக்கும். டிராக்குக்கு ஸ்ட்ரட் கார்களில் முன்னால் இரண்டரை முதல் மூன்றரை டிகிரி வரை கேட்கும். அட்ஜஸ்ட் செய்ய இடமில்லாத காரில் கேம்பர் பிளேட்டோ கேம்பர் போல்ட்டோ போட வேண்டியிருக்கும், அதற்குப் புள்ளி உண்டா என்று முதலில் பாருங்கள்.

போதுமா என்பதை டயரின் சூடு சொல்லும். ஊசி முனையுள்ள வெப்பமானியை ரப்பருக்குள் குத்தி உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் எடுங்கள். வெளி ஓரம் அதிகம் சுட்டால் கேம்பர் போதாது. நடு மட்டும் அதிகம் என்றால் காற்று அதிகம். உள் ஓரம் சில டிகிரி கூடுதலாக இருப்பதுதான் சரி. தினமும் ஓட்டும் காரில் டயரின் உள் ஓரத்தைத் தின்பது கேம்பரைவிட டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தான், அதனால் டோவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சாலையிலும் சமாளிக்கலாம்.

காயில்ஓவர் போட்டு நன்றாக இறக்கிவிடலாமா?

காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் செட்) நல்லதுதான், 'நன்றாக இறக்கி' என்பதில்தான் வில்லங்கம். ஸ்ட்ரட் காரில் உயரத்தைக் கண்டபடி குறைத்தால் கீழ்க் கையின் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்த் தண்டு) சக்கரப் பக்க முனை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு கார் அமுங்க அமுங்கக் கேம்பர் கூடாது, குறையும். ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடுவதால், காரை இறக்கியும் முன்பைவிட அதிகம் சாய்கிற வேடிக்கை நடக்கும். ஸ்டீயரிங் ராடின் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். கொஞ்சமாக இறக்குங்கள், கீழ்க் கையின் சக்கரப் பக்க முனை கிடைமட்டத்துக்கு மேலே போகாத வரை சரி. மலிவான காயில்ஓவரில் டேம்பரின் இறுக்கத்தை மாற்ற முப்பது கிளிக் இருக்கும், முப்பதும் ஒரே மாதிரி இருக்கும். அதை வாங்குவதைவிட ஒரிஜினல் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு நல்ல டேம்பர் போடுவது மேல்.

திரும்பும்போது கார் நேராகவே போகிறது, என்ன செய்வது?

அண்டர்ஸ்டியர். முன்சக்கர டிரைவ் கார்களின் பிறவிக் குணம். முதலில் வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைகிறீர்களா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு அதுதான் காரணம். அடுத்தது முன் கேம்பர். அதற்கும் அடங்காவிட்டால் பின்னால் தடிமனான ஆன்டி-ரோல் பார் போடலாம், அது பின்பக்கப் பிடியைக் கொஞ்சம் குறைத்துக் காரைச் சமன் செய்யும், கூடவே வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வெளியே வீசும் சுபாவத்தையும் கொண்டுவரும். வளைவில் இருந்து வெளியேறும்போது உள்சக்கரம் சும்மா சுற்றிப் புகைகிறது என்றால் அது வேறு வியாதி, அதற்கு மருந்து எல்எஸ்டி டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுப்பது. விலை அதிகம், ஆனால் முன்சக்கர டிரைவில் அது தரும் நேரத்தை ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றிப் பவரைக் கூட்டுவது) தராது.

பவர் எப்போது கூட்டுவது?

கடைசியில். பவர் நேர்ப்பாதையில் மட்டும் உதவும், அந்த நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்குக்கு அதிக வேலை வைக்கும், எஞ்சினில் அதிகச் சூடு ஏற்றும். டர்போ காரில் ரீமேப் செய்தால் முதல் லேப்பில் ராக்கெட்டாக இருக்கும், இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிரவைப்பது) சூடேறியதும் எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூ தானே பவரைக் குறைத்துவிடும். ஒரு லேப்தானே கணக்கு, முதல் லேப்பிலேயே அடித்துவிடலாமே என்றால், டயர் அதற்குள் சூடாகியிருக்காது.

எஞ்சின் தாங்குமா? ஆயில், ரேடியேட்டர்?

ஒரு டெம்பரேச்சர் மீட்டர் இல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. டேஷ்போர்டில் இருக்கும் முள்ளை நம்பாதீர்கள், பெரும்பாலான கார்களில் அது நடுவில் நிற்பதற்கென்றே செய்தது, அது நகரும்போது காரியம் கைமீறியிருக்கும். ஓபிடி (காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சாக்கெட்) வழியாகக் கூலன்ட் சூட்டையும், முடிந்தால் ஒரு சென்சார் போட்டு ஆயில் சூட்டையும் பாருங்கள். ஆயில் 130 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் கூலர் வேண்டும். தாண்டாவிட்டால் வேண்டாம், தேவையில்லாத கூலர் ஆயில் கசிய இன்னும் நான்கு இடம் சேர்க்கும், அவ்வளவுதான்.

ஒட்டும் டயர் போட்ட பிறகு வேறொரு ஆபத்து வருகிறது. நீண்ட வளைவில் ஆயில், எஞ்சினுக்கு அடியில் அது தேங்கும் தொட்டியான சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும், அந்த ஓரிரு வினாடியில் பேரிங் போய்விடும். ஆயில் அளவு குச்சியின் மேல் கோட்டில் இருக்கட்டும், அடுத்த கட்டம் சம்ப்புக்குள் தடுப்பு. கூலன்ட்டில் கிளைகால் கலந்திருக்கக் கூடாது என்று சில போட்டிகளில் விதி உண்டு, டிராக்கில் கொட்டினால் வழுக்கும், சீக்கிரம் காயாது.

எடையைக் குறைக்க எதையெல்லாம் கழற்றலாம்?

ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட், டிக்கியில் இருக்கும் சாமான். செலவே இல்லை, திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கழற்றும் முன் உங்கள் வகுப்பின் குறைந்தபட்ச எடையைப் பாருங்கள், செஷன் முடிந்து வந்ததும் ஓட்டுநரோடு சேர்த்துத்தான் எடை போடுவார்கள். எரிபொருளைக் குறைத்துக்கொண்டு போவதும் எடைதான், ஆனால் கால் டேங்குக்குக் கீழே பல கார்கள் வளைவில் பெட்ரோல் கிடைக்காமல் இருமும். ஏர்பேக்கையும் கதவுக்குள் இருக்கும் இரும்பையும் தொடாதீர்கள், இந்தக் கார் நாளைக்குச் சாலையில் ஓட வேண்டும்.

ஹார்னஸ் போட்டால் பாதுகாப்பு கூடும்தானே?

இரு தோளையும் இடுப்பையும் சீட்டோடு சேர்த்துக் கட்டும் இந்த ரேஸ் பெல்ட்டைத் தனியாகப் போட்டால் குறையும். சாதாரண பெல்ட்டும் சாயும் சீட்டும் ஏர்பேக்கும் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும்படி கம்பெனி வடிவமைத்தவை. கார் உருண்டு கூரை அமுங்கினால் சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய முடியும், ஹார்னஸ் உங்களை நிமிர்த்திப் பிடித்து வைத்திருக்கும், தலைக்கு இடம் இருக்காது. மோதலில் தோள் நிற்கும், தலை மட்டும் முன்னால் போகும், கழுத்து வாங்கிக்கொள்ளும். அதனால் ஹார்னஸ் என்றால் ரோல் பார், அதற்கேற்ற பக்கெட் சீட், தலையைப் பிடிக்கும் ஹான்ஸ் கருவி எல்லாம் சேர்ந்துதான். முழு ரோல் கேஜ் போட்ட காரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதும் ஆபத்து, பக்கவாட்டு மோதலில் அந்த இரும்புக் குழாய் உங்கள் தலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆரம்பத்தில் கம்பெனி பெல்ட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு ஓட்டினால் போதும்.

ஹெல்மெட் மட்டும் சரியானதாக இருக்கட்டும். ஸ்னெல் முத்திரையில் எஸ்ஏ என்று இருப்பது கார் ரேஸுக்கானது, நெருப்பைத் தாங்கும் சோதனை அதில் உண்டு. எம் என்று இருப்பது பைக்குக்கானது.

விங் மாட்டலாமா?

விங் தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 60-ல் கிடைப்பதைப்போல 120-ல் நான்கு மடங்கு. ஆக மெதுவான வளைவுகள் நிறைந்த டிராக்கில் அது சும்மா தூக்கிச் சுமக்கும் எடை. வேகமான வளைவுகள் இருந்தால் பலன் உண்டு, ஆனால் பின்னால் மட்டும் மாட்டி முன்னால் ஸ்பிளிட்டர் (முன்பம்பருக்கு அடியில் நீளும் தட்டு) இல்லாவிட்டால், அதிவேகத்தில் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. டிக்கி மூடியின் தகட்டில் நாலு ஸ்க்ரூ போட்டு நிறுத்திய விங்கைப் பார்த்தால் எனக்குப் பின்னாலேயே போகப் பயம்.

ஒரு மாற்றம் பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜிபிஎஸ் லேப் டைமர் ஒன்று வாங்குங்கள், வேகமான லேப்பை மட்டும் பார்க்காமல் எல்லா லேப்பையும் பாருங்கள். உங்கள் லேப்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு வினாடி மேலும் கீழும் ஆடுகின்றன என்றால், அரை வினாடி தரும் பார்ட்டை உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது, அந்தக் காசை ஒரு பயிற்சியாளரைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைக்கச் செலவழியுங்கள். லேப்கள் அரை வினாடிக்குள் ஒட்டி வரும்போதுதான் கார் எதைக் கேட்கிறது என்று காதில் விழும்.

அதே காரில் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், வேறு என்ன?

காப்பீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள், நேரம் அளக்கும் போட்டிகளைப் பெரும்பாலான சாதாரணப் பாலிசிகள் ஏற்பதில்லை. கிளம்பும் முன் பேடின் தடிமனைச் சக்கரக் கம்பி இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள், காலையில் பாதி இருந்தது மாலையில் தகடு தெரிகிற அளவுக்கு வந்திருக்கலாம். டிக்கியில் பழைய பேட் ஒரு செட்டும் ஒரு புட்டி பிரேக் ஆயிலும் இருந்தால் அங்கேயே மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.